யாருடைய மீன்?

'கிழவனும் கடலும்' நாவலைப் படித்த நேயர்களுக்கு ஹெமிங்வே என்றதும் நினைவில் எழுவது, நடுக்கடலில் தன்னந்தனியே ஒரு பெருமீனுடன் மல்லாடும் சந்தியாகோக் கிழவனின் உருவமே. ஆனால் அந்தக் கிழவன் நாவல் நெடுகிலும் ஓர் ஏக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் பக்கத்தில் இல்லையே என்பதுதான் அது. பெருமீன் வேட்டையின் கதையை ஓரளவு அறிந்தவர்களுக்கு இந்த ஏக்கம் நன்றாகவே விளங்கும். ஏட்டிலே அது ஒரு மனிதனுக்கும் ஒரு மீனுக்கும் இடையிலான போர். படகிலோ பெரும்பாலும் இன்னொருவரும் இருப்பார். அகப்பட்ட மீன் யாருடையது என்ற வழக்கும் அங்கேதான் பிறக்கும்.

ஹெமிங்வே புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் என்னும் சிறு தீவுப் பட்டினத்துக்கு முதன்முதலாக வந்தது 1928 இல். 1934 இல் 38 அடி நீளமான 'பிலார்' படகை வாங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பகாமாஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிமினியை நோக்கி அப்படகு புறப்பட்டபோது, அதில் நாவலாசிரியர் ஜோன் டொஸ் பஸோஸும் ஓவியர் ஹென்றி ஸ்ட்ரேட்டரும் இருந்தனர். வழியில் கொக்கியிட்டு இழுத்த சுறாவொன்றைச் சுடப்போன ஹெமிங்வே, சன்னம் தெறித்துத் தமது இரு கால்களையும் காயப்படுத்திக் கொண்டார். படகு கீ வெஸ்டுக்குத் திரும்பியது. பிமினிப் பயணத்துக்கு இப்படியொரு சகுனம்!

ஸ்ட்ரேட்டர் வெறும் பயணத் துணைவரல்லர். 1922 இல் பாரிஸில் தொடங்கிய நட்பு அது. இருவரும் குத்துச்சண்டை பழகியவர்கள். இளம் ஹெமிங்வேயை ஓவியமாகத் தீட்டியவர் ஸ்ட்ரேட்டர். எஸ்ரா பவுண்டின் முதற் பதினாறு 'காண்டோக்கள்' 1925 இல் நூலானபோது அதற்குச் சித்திர அலங்காரம் செய்தவரும் இவரே.

பிமினியை அடைந்த பின் ஒருநாள் ஸ்ட்ரேட்டரின் தூண்டிலில் மிகப்பெரிய மார்லின் ஒன்று சிக்கிற்று. ஈட்டி போன்ற மூக்குடைய ஆழ்கடல் மீன் அது. ஸ்ட்ரேட்டர் அதைப் படகுக்கு அருகே இழுத்துவந்த வேளையில் சுறாக்கள் தலைகாட்டின. ஹெமிங்வே தமது தொம்சன் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுறாக்களை நோக்கிச் சுட்டார். நீரில் கலந்த இரத்தம் மேலும் சுறாக்களை அழைத்தது. இறுதியில் படகில் ஏறியது பின்பாதி தின்னப்பட்ட மீன். எஞ்சிய உடலே ஏறத்தாழ 500 இறாத்தல் இருந்தது. முழுமையாகக் கிடைத்திருந்தால் 1000 இறாத்தலை எட்டியிருக்கும் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு.

கரையில் படம் எடுத்தார்கள். தொங்கவிடப்பட்ட அந்த அரைமீனின் அருகில் ஹெமிங்வேயும் நிற்கிறார். விபரமறியாத ஒருவர் பார்த்தால் அது அவர் பிடித்த மீன் என்றே எண்ணுவார். ஸ்ட்ரேட்டர் 1987 வரை வாழ்ந்தவர். முதுமையிலும் இந்தச் சம்பவத்தை மனக்குறையோடுதான் பேசினார். சுட்டிராவிட்டால் மீன் தப்பியிருக்கும் என்பது அவருடைய கட்சி. அந்த நட்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சுறாக்கள் தின்று தீர்த்த மார்லினின் கதையை ஹெமிங்வே 1952 இல் எழுதியபோது அதில் துப்பாக்கி இல்லை, நண்பரும் இல்லை. கியூபாக் கிழவன் ஒருவனுக்கு நேர்ந்ததாகக் கேள்விப்பட்டதை 1936 இலேயே 'எஸ்குயர்' சஞ்சிகையில் அவர் சுருக்கமாக எழுதியிருந்தார் என்பது உண்மை. ஆனாலும் பிமினியின் அரைமீன் அவர் மனக்கண்ணில் நிற்காமலா இருந்திருக்கும்? எனக்கு அதில் ஐயமே இல்லை.

1939 இல் நியூயோர்க்கில் சர்வதேச வேட்டைமீன் சங்கம் அமைந்தது. ஹெமிங்வே பின்னர் அதன் உபதலைவர்களுள் ஒருவரானார். அச்சங்கத்தின் விதிப்படி, மீன் சிக்கிய பின் தூண்டிற்கோலை வேறொருவர் தொட்டால் சாதனை செல்லாது. சுறா கடித்துச் சிதைத்த மீனும் செல்லாது. உடனிருந்து உழைத்த நண்பருக்குப் பதிவேட்டில் இடமும் இல்லை.

ஆனால் இதே கடற்பரப்பில், நண்பரில்லாமல் நடக்கவே முடியாத இன்னொரு தூண்டிற் கலையும் வளர்ந்து வந்தது. ஈத்தூண்டில் என்று அதைச் சொல்லலாம். சாதாரணத் தூண்டிலில் இரையின் பாரமே கயிற்றை இழுத்துச் செல்லும். இதிலோ இறகாலும் மயிராலும் கட்டிய பொய் ஈக்குப் பாரமே கிடையாது. தடித்த கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அதன் பாரத்தாலேயே ஈயைச் செலுத்த வேண்டும். ஆங்கிலேய ஆறுகளில் சிறுமீன்களுக்கென வளர்ந்த இந்த நுட்பத்தைக் கடலின் பெருமீனுக்குப் பயன்படுத்தியவர்களுள் ஏ. டபிள்யூ. டிமொக் முக்கியமானவர். 1911 இல் வெளிவந்த அவரது தார்ப்பன் நூலின் அற்புதமான படங்களை எடுத்தவர் அவருடைய மகன் ஜூலியன். தந்தை கையில் தூண்டில், மகன் கையில் கமரா.

தார்ப்பன் வெள்ளித் தகடுபோன்ற செதில்களையுடைய மீன். நூறு இறாத்தலைத் தாண்டியும் வளரும். மேலே வந்து காற்றை விழுங்கும் இயல்புடையது. (இதன் சிறிய உறவினமொன்று நமது களப்புகளிலும் உண்டு.) தூண்டில் தைத்ததும் ஆளுயரத்துக்கு மேலே துள்ளும். அதைப் பிடிக்கும் நரம்பின் நுனியோ பத்துப் பன்னிரண்டு இறாத்தல் இழுவையிலேயே அறுந்துபோவது. புளோரிடாவின் ஆழமற்ற நீரில் இயந்திரச் சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும். ஆகவே ஒருவர் மரக்கோல் ஊன்றி வள்ளத்தை ஓசையின்றி நகர்த்த, மற்றவர் முன்னணியத்தில் தூண்டிலோடு நிற்பார். யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலை அறிந்தவர்களுக்கு இந்தக் கோலின் வேலையை விளக்கத் தேவையில்லை. மீனை முதலில் காண்பவர் பெரும்பாலும் கோல் ஊன்றுபவரே. அவர் திசையைச் சொல்ல, மற்றவர் வீசுகிறார்.

1970களின் தொடக்கத்தில் ஹெமிங்வேயின் அதே கீ வெஸ்டில் இப்படி முறை மாறி மாறிக் கோல் ஊன்றி மீன்பிடித்தவர்கள் நாவலாசிரியர் தோமஸ் மக்குவேனும் கவிஞர் ஜிம் ஹரிசனும். மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நட்பு இவர்களுடையது. ஹரிசன் சிறுவயதிலேயே இடக்கண் பார்வையை இழந்தவர். நீருக்கடியில் நகரும் நிழலை மீனென்று அடையாளம் காண்பதே இவ்வேட்டையில் பாதி வெற்றி என்பதை எண்ணும்போது, அவருக்கு வள்ளத்தின் மறுமுனையில் நின்றவரின் கண்கள் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நட்பின் பயன் வள்ளத்தோடு நின்றுவிடவில்லை. முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த ஹரிசனை ஒரு நாவல் எழுதும்படி தூண்டியவர் மக்குவேன். அப்படிப் பிறந்ததே 1971 இல் வெளிவந்த 'வூல்ஃப்'.

மக்குவேன் தாமே 1973 இல் எழுதிய 'நைன்ரி ரூ இன் த ஷேட்' நாவலும் கீ வெஸ்ட் வள்ளக்காரர்களின் கதைதான். மீன்பிடி வழிகாட்டியாக விரும்பும் இளைஞன் ஸ்கெல்ரனை, அத்தொழிலிலேயே இருக்கும் டான்ஸ் கொன்றுவிடுவதாக எச்சரிக்கிறான். இறுதியில் கொல்லவும் செய்கிறான். ஒரே நீர்ப்பரப்பைப் பங்கிட முடியாத இருவர்! நிறைவான நட்பில் வாழ்ந்த எழுத்தாளன் அதன் மறுபக்கத்தை எழுதியது வியப்புக்குரியதுதான்.

அதே ஆண்டில் கை டி லா வால்டீனும் கிறிஸ்டியன் ஒடாஸோவும் 'தார்ப்பன்' என்றொரு விவரணப் படத்தை உருவாக்கினர். மக்குவேன், ஹரிசன், ரிச்சர்ட் பிரோட்டிகன் மூவரும் அதில் தோன்றுகின்றனர். இசை ஜிம்மி பஃபெட். பணம் கட்டிப் படகேறிய உல்லாசிகள் மீன்களை அடித்துக் கொல்லும் காட்சி ஒருபுறம். ஈத்தூண்டிலில் வந்த பெருமீனை நீரிலேயே விடுவிக்கும் காட்சி மறுபுறம். விடுவித்த மீனைக் கரையில் தொங்கவிட முடியாது. அதன் அருகே நின்று படமெடுக்கவும் முடியாது.

அப்படம் நெடுங்காலம் பரவலாகத் திரையிடப்படாமலே கிடந்து, 2008 இல்தான் இறுவட்டாக வெளிவந்தது. பிரோட்டிகன் 1984 இலேயே மறைந்துவிட்டார். ஹரிசனும் மக்குவேனும் பின்னர் வேறு வேறு மாநிலங்களில் வாழ்ந்தாலும் பல தசாப்தங்கள் இடைவிடாமல் கடிதம் எழுதிக்கொண்டனர். 2016 மார்ச் 26 ஆம் திகதி ஹரிசன் காலமானதோடுதான் அக்கடிதப் போக்குவரத்து நின்றது.