நினைவு என்னும் சாட்சி

"என் கண்ணால் கண்டேன்" என்னும் சொல்லுக்கு வழக்கு மன்றத்திலும் குடும்பத்திலும் தனி மதிப்பு உண்டு. கண்டதைக் கண்டவாறே நினைவு காத்துத் தரும் என்பதே அம்மதிப்பின் அடிப்படை. இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது?

ஏறத்தாழ கி.பி. 400-இல், ஹிப்போ நகர் ஆயரான புனித அகுஸ்தினார், தம் வாழ்வைக் கடவுள்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில் நினைவைப் பற்றி ஆராய்ந்தார். புலன்கள் கொணரும் உருவங்களெல்லாம் சேர்த்து வைக்கப்படும் மாபெரும் மாளிகையாக அவர் அதனைக் கண்டார். களஞ்சியம் என்னும் இவ்வெண்ணமே பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

1885-இல் எர்மன் எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நினைவை அளந்து பார்க்கத் துணிந்தார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் வேகத்தைக் கணக்கிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவிற்று. அதன்பின் மறதியின் வேகம் குறைந்தது. களஞ்சியம் கசிகிறது என்பது தெளிவாயிற்று.

1932-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரடெரிக் பார்ட்லெட் மேலும் ஒரு படி சென்றார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயரைப் படிக்கச் செய்து, பின்னர் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவர்கள் சொன்ன கதையில் பழங்குடியினரின் ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாதவை உதிர்ந்தன; தங்கள் பண்பாட்டுக்கு ஏற்றவை புகுந்தன. நினைவுகூர்தல் என்பது மீண்டும் கட்டியெழுப்புதல் என்று அவர் முடிவுசெய்தார்.

அக்கட்டுமானத்தில் பிறர் சொல்லும் கல்லாக அமையக்கூடும் என்பதை 1974-இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் காட்டினர். கார் விபத்துப் படம் பார்த்தவர்களிடம், கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால், "தொட்டபோது" என்று கேட்டதைவிட மிகுதியான வேகத்தைக் கூறினர். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகவும் சிலர் சொன்னார்கள்.

இது ஆய்வுக்கூட விந்தை மட்டுமன்று. 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கொடுமைக்குள்ளான இளம்பெண் ஒருவர், குற்றவாளியின் முகத்தை உற்று நோக்கி மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் புகைப்படங்களிலிருந்தும், நேரில் நிறுத்தப்பட்டவரிடையேயும் ரானல்டு காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். காவல்துறையினர் அதனை ஆமோதிக்கவே அவரது உறுதி வளர்ந்தது. 1987-இல் மறு விசாரணையின்போது உண்மைக் குற்றவாளியே மன்றத்தில் நிறுத்தப்பட்டும், அவனைக் கண்டதாக அவருக்கு நினைவில்லை. காட்டனின் முகமே குற்றவாளியின் முகமாக அவர் மனத்தில் மாறியிருந்தது. 1995-இல் மரபணுச் சோதனை உண்மையை வெளிப்படுத்தியபோது, காட்டன் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தார். பின்னர் அவ்விருவரும் சந்தித்து ஒப்புரவாகி, அடையாளம் காட்டும் முறைகளைத் திருத்த இணைந்து உழைத்தனர்.

அப்பெண் பொய் சொல்லவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. பொய்ச்சான்று ஒரு பாவம். ஆனால் உண்மையுள்ள மனமும் தவறாகச் சான்று பகரக்கூடும். மன உறுதி ஒன்றே உண்மைக்கு அளவுகோல் ஆகாது. ஒருமுறை முடிவுசெய்தபின், அதற்கு ஒத்தவற்றை மட்டுமே தேடி ஏற்பது மனத்தின் இயல்பு. சொத்துத் தகராறிலும், பல ஆண்டுப் பகையிலும், "அன்று நீ சொன்னாய்" என்று இருவரும் சத்தியம் செய்யும்போது, இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். எழுத்துச் சான்றைத் தேடுவதும், மூன்றாமவரைக் கேட்பதும், எதிரியின் நினைவுக்கும் இடமளிப்பதும் கோழைத்தனம் அல்ல, நீதி.

தம் உள்ளத்தைத் தாமே முழுவதும் அறிய இயலவில்லை என்று அகுஸ்தினார் வியந்தார். அவ்வியப்பு நமக்கும் இருக்குமாயின், பிறரைத் தீர்ப்பிடுமுன் நம் நாவு சற்றே தயங்கும்.