எல்லை மலைகளில் டீசல் ஜீப்: வீட்டுப் பட்டறையின் வரலாறு

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழக எல்லையை ஒட்டிய மலையூர்களில் டீசல் ஜீப்பை வீட்டு முற்றத்திலேயே பிரித்துச் சரிபார்ப்பதும், கூடுதல் திறனுக்காக மாற்றியமைப்பதும் இன்று பெரும்பாலும் வசதி படைத்த இளைஞர்களின் பொழுதுபோக்காகவே பேசப்படுகின்றன. ‘தார்’, ‘ஸ்கார்ப்பியோ’ போன்ற வண்டிகளின் வருகையோடு தொடங்கிய புதுப்பழக்கம் என்பதே பொதுக்கருத்து. ஆனால் இவ்வழக்கத்தின் வேர் தோட்டத் தொழிலிலும் குடியேற்றத்திலும் எல்லை கடந்த கூலி உழைப்பிலும் கிடக்கிறது. வண்டியைத் திறந்து பார்க்கும் உரிமை யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது, அந்த அறிவு யாருடைய உயிரைக் காத்தது என்ற வினாக்களோடு அணுகினால், இது தொழில்நுட்ப வரலாறாக மட்டுமன்றி உழைப்பின் வரலாறாகவும் விரிகிறது.

நிலவியலிலிருந்து தொடங்குவது பொருத்தம். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது கிழக்குச் சரிவிலுள்ள தமிழக ஊர்கள்தாம். பாலக்காட்டு மலைகளுக்குக் கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும், இடுக்கி மலைகளுக்குப் போடியும் கம்பமும் வாசலாக இருந்துவந்துள்ளன. நிர்வாக எல்லையும் பாதையும் இங்கு ஒத்துப்போவதில்லை. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் செல்லும் வண்டிகள் தமிழகத்தின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே நுழைகின்றன. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஜீப் ஏறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. தொழிலாளரும் சரக்கும் உதிரி பாகங்களும் பழைய பாதைகளிலேயே தொடர்ந்தன.

ஜீப்புக்கு முன்பும் இம்மலைகளில் இயந்திரப் போக்குவரத்து இருந்தது. மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் குறுகிய பாதை ரயிலும் தேயிலைக்காக இயங்கின. டாப் ஸ்டேஷனிலிருந்து சரக்கு கம்பிவட ஊர்தி மூலம் போடிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. இவையெல்லாம் கம்பெனியின் உடைமைகள். பழுது நீக்கும் அறிவும் கம்பெனியின் பட்டறைக்குள்ளேயே இருந்தது.

சமவெளியில் வேறொரு மரபு உருவாகிக்கொண்டிருந்தது. கோவையின் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. முறையான பொறியியல் படிப்பில்லாத அவர் இயந்திரங்களைக் கழற்றிக் கழற்றியே கற்றவர். பஞ்சாலை இயந்திரங்களும் விவசாயப் பம்புசெட்டுகளும் கோவை வட்டாரத்தில் லேத்துப் பட்டறைகளையும் வார்ப்படச் சாலைகளையும் பெருக்கின. கிடைக்காத பாகத்தைக் கடைந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இந்தச் சூழலில் பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்நம்பிக்கை மேற்கே போனது வியப்பன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் வந்தது. ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப்புகள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1945இல் தொடங்கப்பட்டு 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்றது; 1950களில் உள்நாட்டிலேயே தயாரிக்கவும் தொடங்கியது. அதே பத்தாண்டில்தான் திருவிதாங்கூர்ச் சமவெளியிலிருந்து உயர்மலைப் பகுதிக்கு விவசாயக் குடியேற்றம் வேகம்கொண்டது. சாலை வருமுன் ஜீப் வந்த ஊர்கள் பல. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி நீர்மின் திட்டத்தின் கட்டுமானக் காலம் மலைக்குள் மேலும் பாதைகளைத் திறந்தது. தோட்டத் துரையின் வண்டியாக வந்த ஜீப், ஏல விவசாயியின் வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் மாறியது.

இந்த மாற்றத்தோடு பழுதுபார்க்கும் இடமும் மாறியது. கம்பெனிப் பட்டறை தோட்டத்துக்கு உரியது; அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையமோ மலையடிவாரத்துக்கும் அப்பால். மழைக்காலத்தில் வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானமும் நின்றது. எனவே வீட்டுக் கொட்டகையே பட்டறையாயிற்று. மரக்கிளையில் கட்டிய செயின் பிளாக்கு, லாரிக்குரிய ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, கிரீஸ் துப்பாக்கி ஆகியவை அங்கே போதுமான கருவிகளாக இருந்தன.

அக்கால ஜீப்பில் இருந்தது 2,199 சிசி ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் எஞ்சின். ஏற்றத்தில் அதன் பெட்ரோல் தாகம் பெரிது. மழையிலும் ஓடைக் கடவைகளிலும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து எஞ்சின் நின்றுபோவதும் வழக்கம். டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குறைந்த வேகத்தில் மிகுந்த இழுவிசை தருவதும் மலைக்கு ஏற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்தியாவில் பெட்ரோல், டீசல் விலைகளுக்கிடையே இருந்த இடைவெளி எஞ்சிய தயக்கத்தையும் நீக்கியது.

ஆலையும் டீசலுக்குத் திரும்பியது. 1979இல் மகிந்திரா நிறுவனம் பிரான்சின் பியூஜோவுடன் உரிம ஒப்பந்தம் செய்து, 2,112 சிசி அளவுள்ள எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினைத் தயாரிக்க முனைந்தது. ஆனால் புதுவண்டி வாங்க இயலாதவர்கள் காத்திருக்கவில்லை. மெட்டடார் வேன் போன்றவற்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின்களைப் பழைய ஜீப்புக்குள் இறக்கினர். இது எளிய வேலையன்று. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கத் தடித்த இரும்பில் இடைத்தட்டு ஒன்றைத் துல்லியமாகக் கடைய வேண்டும். மையம் இம்மி பிசகினாலும் கிளட்சும் பேரிங்கும் தேயும். புதிய எஞ்சினின் எடையைத் தாங்க முன்பட்டைகளை வலுப்படுத்த வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைந்த சுழற்சியில் ஓடுவதால் கிரவுன்–பினியன் விகிதத்தையும் மாற்றியாக வேண்டும். இவை அனைத்தையும் வரைபடமின்றி, கைக்கணக்கில் செய்துமுடித்த மெக்கானிக்குகளின் திறன் எந்தப் பாடநூலிலும் பதிவாகவில்லை.

திறன் கூட்டும் முயற்சியும் அன்றே தொடங்கிவிட்டது. மூணாறு நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதற்கேற்பத் தளர்கிறது. டீசல் பம்பின் திருகைச் சற்றே திருப்பி எரிபொருளைக் கூட்டுவது இதற்குக் கண்ட எளிய வழி. காற்றைக் கூட்டாமல் எரிபொருளை மட்டும் கூட்டினால் எரியாத பகுதி கரும்புகையாகிறது. புகைபோக்கி வெப்பம் ஏறி, ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் கெடுகின்றன. புகையின் நிறத்தையும் எஞ்சினின் ஓசையையும் கொண்டே எவ்வளவு திருப்பலாம் என்று அறிந்தவரே நல்ல மெக்கானிக் எனப்பட்டார். அன்றைய டீசல் எஞ்சினின் அறிவு கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் எட்டக்கூடியதாக இருந்தது.

இம்மரபைப் போற்றிப் பாடுவதோடு நிறுத்துவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் கூலி ஜீப்புகள் இதன் மறுபக்கம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பகுதிகளுக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி. அவ்வண்டிகளுக்குச் செய்யப்பட்ட மாற்றங்களின் நோக்கம் வேறு. பின்பட்டைகளில் கூடுதல் தகடு, நீட்டிய உடல், எதிரெதிர்ப் பலகை இருக்கைகள் என எல்லாமே மேலும் ஆட்களை ஏற்றுவதற்கே. சுமை தாங்கும் உறுப்புகள் வலுப்பட்டன. நிறுத்தும் உறுப்பான பிரேக் பெரும்பாலும் ஆலை தந்த அளவிலேயே நின்றது. ஏற்றம் ஏறியதே திறனுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது; மாலையில் அதே சுமையோடு இறங்க வேண்டும் என்பது கணக்கில் பின்னுக்குப் போயிற்று. மலையிறக்க விபத்துச் செய்திகளில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருவதன் பின்னணியில் இந்த ஏற்றத்தாழ்வும் உள்ளது. மேம்பாடு யாருடைய தேவைக்காகச் செய்யப்படுகிறது என்ற வினா இங்குதான் கூர்மை பெறுகிறது.

2000க்குப் பின் எஞ்சினின் இயல்பே மாறியது. 2002இல் ஸ்கார்ப்பியோ வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் காமன் ரெயில் முறையும், பின்னர் 2,179 சிசி எம்ஹாக் எஞ்சினும் அதில் இடம்பெற்றன. 2010இல் வெளிவந்த தார், இவ்விரு யுகங்களையும் ஒருசேர விற்றது: ஒரு வகையில் பழைய பாணியிலான டிஐ எஞ்சின், மற்றொன்றில் சுமார் 105 குதிரைத்திறன் கொண்ட காமன் ரெயில் எஞ்சின். 2020இன் புதிய தார் 130 குதிரைத்திறனோடு வந்தது. காமன் ரெயிலில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கிறது. எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி முடிவுசெய்கிறது. திருகு இருந்த இடத்தில் மென்பொருள் அமர்ந்தது. இன்று கூடுதல் திறன் தேடுவோர் பயன்படுத்தும் ‘டியூனிங் பாக்ஸ்’ வகைகளில் சில, ரெயில் அழுத்த உணரியின் செய்தியை மாற்றிக் கணினியை ஏமாற்றுபவை. விளைவு பழைய திருகின் விளைவுதான்: மிகை எரிபொருள், மிகை வெப்பம், தேயும் கிளட்ச். ஆனால் எச்சரிக்கும் கரும்புகை இன்று வடிகட்டிக்குள் சிக்கிக்கொள்வதால், பழைய மெக்கானிக்கின் கண்ணுக்கு வேலையில்லாமற் போகிறது.

சட்டமும் இதே காலத்தில் இறுகியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுத்தது. இதன் எல்லை குறித்த முக்கிய வழக்கு கேரளத்திலிருந்தே எழுந்தது. மாற்றங்களுக்கு இடமளித்த கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் மாற்றியமைத்தது. அவ்வாண்டுச் சட்டத்திருத்தம் அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் எனத் தண்டனை வகுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை எஞ்சினின் பிரிக்க முடியாத பகுதியாக்கின. வண்டியின் உரிமை வாங்கியவரிடம் இருக்க, அதை மாற்றும் உரிமை ஆலையிடமும் அரசிடமும் சென்றது.

வீட்டுப் பட்டறைக்கு இனி என்ன மிஞ்சுகிறது? பராமரிப்பு மிஞ்சுகிறது, மலைக்கு அதுவே உயிர்நாடி. ஈரம் மிகுந்த இப்பகுதியில் டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுவது, மிக நுண்ணிய துளைகள் கொண்ட இன்ஜெக்டரைக் காக்கிறது. ஓடையைக் கடந்த பின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்ப்பதும் அவ்வாறே. அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. புகைத்துகள் வடிகட்டி பொருத்திய வண்டி குறுந்தூரம் மட்டுமே ஓடினால் வடிகட்டி அடைபடும்; இடையிடையே நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஆயிலின் கொதிநிலை தாழ்கிறது. நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதித்த பெடல் வெறுமனே தரைக்குப் போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் செலவு குறைந்த பெரும் பாதுகாப்புகள்.

ஆகவே, எல்லை மலைகளின் வீட்டுப் பட்டறையை ஒழுங்குமீறலின் கூடாரம் என்றோ, நாட்டார் அறிவியலின் பொற்காலம் என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்க இயலாது. அரசும் ஆலையும் எட்டாத இடத்தில் மக்கள் தாமே உருவாக்கிக்கொண்ட அறிவு அது. அதே அறிவு, கூலிப்பெண்களின் பாதுகாப்பை ஈடுவைத்துச் சுமையைக் கூட்டவும் உதவியது. தோட்டங்களின் வரலாறு கம்பெனி ஆவணங்களில் உள்ளது. எல்லைப் பிரிவினையின் வரலாறு அரசு ஆணைகளில் உள்ளது. எஞ்சின் மாற்றியவர்களும் அந்த வண்டியில் விடியலில் ஏறியவர்களும் இரண்டிலும் இல்லை. டீசலின் காலம் முடிந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், முதிய மெக்கானிக்குகளிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது எல்லைப் பகுதி ஆய்வாளர் முன்னுள்ள அவசரப் பணி. அவ்விரு சாட்சியங்களும் அருகருகே வைக்கப்படும்போதுதான் இவ்வரலாறு முழுமை பெறும்.