மோர்மன் சபை வரலாற்றெழுத்து: நேர்மை குறித்த விவாதம்

பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை, வழக்கில் மோர்மன் சபை, தன் கடந்தகாலத்தில் சங்கடமானவற்றை மறைத்தும் திருத்தியும் எழுதியது என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. அதற்கான மறுமொழிகளில் முக்கியமானவை பல சபைக்குள்ளிருந்தே எழுந்தவை.

ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் சபையை நிறுவினார். பதிவேடு பேணுமாறு அன்றே இறைக்கட்டளை வந்ததாகச் சபை நம்புகிறது. ஆனால் 1831இல் வரலாறு எழுத அமர்த்தப்பட்ட ஜான் விட்மர், 1838இல் சபைநீக்கம் செய்யப்பட்டபோது தம் ஏட்டைத் தர மறுத்துவிட்டார். புதிதாகத் தொடங்கப்பட்ட வரலாறு, 1844இல் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித் கொல்லப்படும்வரை 1838ஆம் ஆண்டு நிகழ்வுகளையே எட்டியிருந்தது. எஞ்சியதை எழுத்தர்கள் பிறருடைய நாட்குறிப்புகளிலிருந்தும் திரட்டி, ஸ்மித்தே தன்மையில் பேசுவதுபோல் 1856க்குள் முடித்தனர். இது மோசடி என்பர் விமர்சகர்; அக்காலத் தொகுப்பாளர்களின் இயல்பான வழக்கம் என்பர் ஆதரவாளர்.

பலதார மணத்தை ஸ்மித் பகிரங்கமாக மறுத்தார். சபை 1852இல் ஒப்புக்கொண்டது. 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த அரை நூற்றாண்டில் குறிப்பிடத்தக்கது பி. எச். ராபர்ட்ஸ் பதிப்பித்த ஏழு தொகுதி வரலாறு.

ஸ்மித்தை நம்பிக்கைக்கு வெளியே நின்று சித்திரித்த ஃபான் பிரோடியின் வாழ்க்கை வரலாறு 1945இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். தென் யூட்டாவின் ஹுவானிட்டா புரூக்ஸ் வேறு வகை. மௌன்டன் மெடோஸில் 1857 செப்டம்பரில் ஏறத்தாழ 120 குடியேறிகள் கொல்லப்பட்டதில் உள்ளூர் மோர்மன் படையினரின் பங்கை 1950இல் அவர் ஆவணங்களோடு நிறுவினார். இறுதிவரை சபையை விட்டு விலகவும் இல்லை. அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங்கின் பொறுப்பு எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மிக விரிவாகப் பதிவானது 1972 முதல் 1982 வரையிலான காலம். பொருளியல் கற்ற லெனர்ட் ஆரிங்டன் 1972இல் சபை வரலாற்றாளராக நியமிக்கப்பட்டார். முறையான ஆய்வுப் பயிற்சியோடு அப்பொறுப்புக்கு வந்த முதல்வர் அவர். காப்பகக் கதவுகள் அறிஞர்களுக்குத் தாராளமாகத் திறந்தன. நம்பிக்கையும் ஆவணமும் ஒன்றையொன்று அஞ்சத் தேவையில்லை என்று அவர் உளமார நம்பினார். அவர் குழுவினர் 1976இல் எழுதிய ஒரு தொகுதி வரலாறு நன்கு விற்றும், எஸ்ரா டாஃப்ட் பென்சன் உள்ளிட்ட, சபையின் உயர்நிலைத் தலைவர்களான அப்போஸ்தலர்களின் எதிர்ப்பால் பல ஆண்டுகள் மறுபதிப்புக் காணவில்லை. திட்டமிட்டிருந்த 16 தொகுதி வரலாறு கைவிடப்பட்டது. உண்மையானவை எல்லாம் பயனுள்ளவை அல்ல என்ற கருத்தை 1981இல் அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர் சபையின் சமயக்கல்வி ஆசிரியர்களிடையே வலியுறுத்தினார். வரலாற்றுப் பிரிவு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. 1982இல் ஆரிங்டன் ஆரவாரமின்றி விடுவிக்கப்பட்டார். இவை அனைத்தையும் அவர் நாள்தோறும் நாட்குறிப்பில் எழுதி வந்தார். அதுவே இக்காலத்துக்கான தலையாய சான்று. 2018இல் மூன்று தொகுதிகளாக அச்சேறியது.

இளமையில் இறைக்காட்சி கண்டதாக ஸ்மித் கூறிய ‘முதல் தரிசனம்’ பற்றி அவர் 1832இல், ஓரளவு தம் கையாலேயே எழுதிய விவரணை 1965இல்தான் ஆய்வாளர் பார்வைக்கு வந்தது. அந்தத் தாள்கள் ஏட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, பின்னர் நாடா கொண்டு மீண்டும் ஒட்டப்பட்டிருந்தன. வெட்டியவர், 1921 முதல் 1970 வரை சபை வரலாற்றாளராயிருந்த ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் என்று கருதுவோர் உண்டு, உறுதியான சான்றில்லை.

மார்க் ஹாஃப்மன் 1980களில் தயாரித்த போலி ஆவணங்களைச் சபைத் தலைவர்களும் வாங்கினர். 1985இல் அவர் வைத்த குண்டுகளுக்கு இருவர் பலியான பின்னரே மோசடி வெளிப்பட்டது. சபையின் கடும் விமர்சகரான ஜெரால்ட் டேனர், ஹாஃப்மன் கொணர்ந்தவற்றுள் ஸ்மித்துக்குப் பாதகமான ‘சாலமாண்டர் கடிதம்’ போலியாகலாம் என்று முன்பே எழுதியிருந்தார். தமக்குச் சாதகமான ஒரு சான்றையே அவர் ஐயுற்றது இவ்விவாதத்தில் போற்றத்தக்க செயல். 1890க்குப் பிந்தைய பலதார மணங்களை 1985இல் ஆராய்ந்து வெளியிட்ட மைக்கேல் குவின், 1993இல் சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான அறுவருள் ஒருவராகச் சபைநீக்கம் செய்யப்பட்டார்.

ஸ்மித்தின் ஆவணங்களைச் சபை 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாக வெளியிட்டது. பலதார மணம், கறுப்பினத்தாருக்கு 1978 வரை இருந்த குருத்துவத் தடை முதலியவை குறித்த விளக்கக் கட்டுரைகள் 2013 முதல் 2015 வரை சபையின் இணையதளத்தில் வந்தன. பொதுவாசகர்களுக்கான நான்கு தொகுதி வரலாறு 2024இல் நிறைவுற்றது.