திப்புவின் வாளும் திரையில் வந்த வாளும்

மைசூர் வேங்கை திப்பு சுல்தான் ஹிஜ்ரி 1213இல், அதாவது 1799 மே 4ஆம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டு ஷஹீதானார். ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின், 1990இல், அவர் நம் வீட்டுக் கூடங்களில் தோன்றலானார். தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘தி சோர்டு ஆஃப் திப்பு சுல்தான்’ என்னும் இந்தித் தொடரையே குறிப்பிடுகிறேன். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் உருது வழங்கும் இல்லங்களுக்கு அதன் உரையாடல் நேரே விளங்கிற்று. தமிழ் வழங்கும் இல்லங்களுக்குக் குதிரையும் வாளும் பேசின. தொலைக்காட்சி ஆகுமா, ஆகாதா என்பதை ஆலிம் பெருமக்கள் வேறிடத்தில் பேசட்டும். நமக்கு இங்கே வேண்டுவது வரலாறு.

ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று வினவுவது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த பழக்கம். இத்தொடரின் இஸ்னாதைத் தேடினால் அது 1976இல் வெளிவந்த பகவான் கித்வானியின் ஆங்கில நாவலில் போய் நிற்கும். நாவல் கிஸ்ஸாவே அன்றித் தாரீக் அன்று. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. முடிவில், இது நாவலைத் தழுவிய கற்பனை என்னும் அறிவிப்போடுதான் தொடர் வெளிவந்தது. அவ்வறிவிப்பால் நம்மவர் பலர் மனம் வருந்தினர். என் கருத்தில் வருந்த ஏதுமில்லை. கதையைக் கதை என்று சொல்வது நேர்மையே. ஆனால், திப்புவைக் கொடுங்கோலர் என்று எழுதிவைத்த கும்பினி அதிகாரிகளின் ஏடுகளுக்கும் இதே இஸ்னாத் கேட்கப்பட வேண்டும். வென்றவன் தோற்றவனைப் பற்றிக் கூறும் சாட்சியம் அது.

தொடரை உருவாக்கித் திப்புவாகவும் நடித்தவர் சஞ்சய் கான். 1960களிலும் 70களிலும் இந்திப் படங்களில் புகழ்பெற்றிருந்தவர். இசை நௌஷாத் அலி. ஹைதர் அலியாக வந்த ஷாபாஸ் கான், புகழ்பெற்ற இசைமேதை உஸ்தாத் அமீர் கானின் மைந்தர். அவ்வேடமே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. திவான் பூர்ணையாவாக நடித்த அனந்த் மகாதேவன் பின்னாளில் திரைப்பட இயக்குநரானார்.

இப்பெயர்களை நாம் அறிவோம். ஆனால், 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் படப்பிடிப்பின்போது தீப்பற்றி மாண்ட 62 பேரின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்? காற்றுப் போக்கு இல்லாத கூடம். செம்மையாக இணைக்கப்படாத மின்கம்பிகள். சாக்குகள் போர்த்திய சுவர்கள். சஞ்சய் கான் உடலெங்கும் வெந்து, பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து, எழுபதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் எழுந்தார். அவருடைய மனவுறுதி பாராட்டத் தக்கதே. பின்னர் ‘தி கிரேட் மராத்தா’, ‘ஜெய் ஹனுமான்’ என்னும் தொடர்களையும் அவர் படைத்தார். எரிந்துபோன கூலித் தொழிலாளிக்கு அப்படியொரு அடுத்த தொடர் இல்லை. தோல் பதனிடும் தொழிற்கூடங்களை நம்பி வாழும் நம் ஊராருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொடர் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு முடிந்தது. எஞ்சிய கதை நம்முடையது. திப்புவின் புதல்வர்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1805 நவம்பரில் கும்பினி, சிப்பாய்கள் நெற்றிக் குறியும் தாடியும் விலக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணையிட்டது. ஹிந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருங்கே கொதித்தனர். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. மைசூர்க் கொடி ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து அன்றே அதை அடக்கினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் இருந்த மாளிகைகளுக்குக் கோட்டைக்குள் இன்றும் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்றே பெயர். சுல்தானின் குடும்பத்தார் சிலர் அடங்கிய கபுறுகளும் வேலூரிலேயே இருக்கின்றன.