கடமானும் கார்பைடு விளக்கும்



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் 'என் தாத்தாவின் இளமைக் காலம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த தன் தாத்தா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நண்பர்களோடு இரவில் மான் வேட்டைக்குப் போன கதையை எழுதியிருந்தான். அவன் வாசிக்க வாசிக்க வகுப்பே மூச்சை அடக்கிக் கேட்டது. முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், மானைக் கொல்றது தப்புதானே?" என்றாள். பையனின் முகம் வாடிவிட்டது. "அப்போ எங்க தாத்தா கெட்டவரா, டீச்சர்?" என்று கேட்டான்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அன்று அவனுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

நம் காட்டு மான்கள்

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் வாழும் மான்களில் பெரியது கடமான். மலாயில் 'ரூசா' என்கிறோம். அடுத்தது கேளையாடு, அதாவது 'கீஜாங்'. ஆபத்தைக் கண்டால் நாய் குரைப்பது போலக் கத்தும். இவற்றோடு மான் என்று நாம் சேர்த்துச் சொல்லும் மிகச் சிறிய உயிரினம் சருகுமான். 'சாங் கன்சில்' கதைகளால் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அது பழக்கம். கதையில் அறிந்த அளவுக்கு அதைக் காட்டில் கண்டவர்கள் நம்மில் அரியர்.

வேட்டை நமக்குப் புதிதன்று. குறிஞ்சி நிலத்து வேட்டுவரையும் அவர்தம் வில்லையும் நாயையும் சங்க இலக்கியம் படித்தோர் அறிவர். இந்நாட்டின் பூர்வகுடி மக்களோ இப்போ மரத்தின் நச்சுப்பாலைத் தடவிய அம்பை ஊதுகுழலில் வைத்து, பெரும்பாலும் மரத்தின் மேல் வாழும் சிறு விலங்குகளை வேட்டையாடினர். இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் இயற்கையே ஒரு வரம்பு வைத்திருந்தது. மனிதனின் கால் எட்டும் தூரம், அவன் கண் தெரியும் நேரம், அவ்வளவுதான். இருட்டிவிட்டால் காடு மானுக்குச் சொந்தம்.

இரவைத் திறந்த விளக்கு

அந்த வரம்பை உடைத்தது துப்பாக்கி மட்டுமன்று. விளக்குக்கும் அதில் சம பங்கு உண்டு என்பேன்.

பால்மரம் வெட்டியவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்பைடு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ப்பாத்திரத்தில் கார்பைடு கட்டி; மேற்பாத்திரத்தில் நீர். நீர் சொட்டுச் சொட்டாக விழ, அசெட்டிலின் வாயு பிறந்து, சிறு துளை வழியே வெள்ளை ஒளியாய் எரியும். பின்னால் உள்ள தகடு அதைக் குவித்து முன்னே அனுப்பும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்கு வடியும் என்பதால், விடியுமுன் இதைத் தலையில் கட்டிக்கொண்டு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நிரையில் இறங்கினார்கள். நம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட விளக்கு அது.

அதே விளக்கு காட்டோரம் திரும்பியபோது வேறொன்று நடந்தது. மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய நிலவொளியிலும் அது பார்ப்பதற்கு இயற்கை கொடுத்த வரம் அப்படலம். ஆனால் விளக்கொளி பட்டதும் இரு கண்களும் கனல் போல் மின்னி, அது நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒளியில் திகைத்த மான் ஓடாமல் நின்றும் விடும். இருட்டில் அதற்குத் துணைநின்ற கண்ணே அதற்குப் பகையாயிற்று.

பின்னர் மின்கல விளக்கு வந்தது. வெட்டுமர லாரிகளுக்காகக் காட்டுக்குள் சடக்கு போடப்பட்டது. நான்கு சக்கர வாகனங்கள் அதன் வழியே நுழைந்தன. எல்லாவற்றிலும் கொடியது, ஓசையே இல்லாத கம்பிக் கண்ணி. வைத்தவன் வீட்டில் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. மான், புலி என்று வேறுபாடும் பார்ப்பதில்லை.

வேட்டைக்காரரே காவலரான கதை

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவரே பெரிய வேட்டைக்காரர் என்பது வரலாற்றின் விந்தை. தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் தோட்டத் தொழிலில் ஈடுபட்டவர். யானை வேட்டையையும் காட்டெருமை வேட்டையையும் பற்றி 1905-இல் நூலே எழுதியவர். அவர்தாம் பிற்காலத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, 1932-இல் விரிவான அறிக்கையை வெளியிட்டார். அம்முயற்சியின் பயனாக 1939-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. இன்றைய தாமான் நெகாரா அதுதான்.

1972-இல் மலேசியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் இந்தியாவும் தன் சட்டத்தை இயற்றியது. மான் வேட்டைக்கு உரிமம், பருவம் எனக் கட்டுப்பாடுகள் இருந்தன. 2010-இல் வந்த புதிய சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம்.

ஆனால் காட்டில் எத்தனை மான்கள் எஞ்சியுள்ளன என்பதை எண்ணாமல் எத்தனை உரிமம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னதும் ஒரு கருவிதான்.

சுடாத கருவி

அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் என்பவரும் முதலில் மான் வேட்டைக்காரரே. படகின் முனையில் விளக்கை ஏற்றி, இருட்டில் சத்தமின்றி நகர்ந்து, கரையில் மின்னும் கண்களைக் குறிபார்க்கும் முறையை அவர் இளமையிலேயே கற்றிருந்தார். பின்னர் துப்பாக்கியை வைத்துவிட்டு அதே படகில் நிழற்படக் கருவியை ஏற்றினார். விலங்கின் கால் பட்டதும் தானே படமெடுக்கும் கயிற்று முறையையும் கையாண்டார். 1906-ஆம் ஆண்டு ஜூலையில் 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அதே இருட்டு, அதே ஒளி, அதே மான். ஆனால் படம் எடுத்த பிறகு மான் நடந்து போயிற்று.

இன்றைய தானியங்கிப் படக்கருவி அதன் பேரப்பிள்ளை. மரத்தில் கட்டிவைத்தால், அசையும் உடலின் வெப்பத்தை உணர்ந்து படமெடுக்கும். நாளையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். 1990-களின் இறுதியில் தாமான் நெகாராவில் புலிகளைக் கணக்கிட இம்முறை பயன்பட்டது. பிறகு தீபகற்பக் காடுகளில் நடந்த 23 ஆய்வுகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டினர். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள் கருவிகள் விழித்திருந்த கணக்கு அது. அதில் தெரிந்த உண்மை கசப்பானது: புலியின் முதன்மை இரையான கடமான் பல இடங்களில் அரிதாகிவிட்டிருந்தது. அந்தச் சான்றின் துணையோடு கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் வழங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரை 2013-இல் அச்சேறியது.

மான் குறைந்தால் புலிக்கு என்ன என்று கேட்கலாம். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் 150-க்கும் குறைவான புலிகளே உள்ளன என்றது. நம் நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். அவற்றுக்கு இரை வேண்டாமா?

அந்த மாணவனுக்கு என் பதில்

மறு வாரம் அவனை அருகில் அழைத்துச் சொன்னேன்: "உன் தாத்தா கெட்டவர் இல்லை, ஐயா. லயத்து வீட்டில் இறைச்சி என்பது எப்போதாவது வருவது. ஒரு மானைப் பத்து வீட்டுக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு விளக்கு எரிந்தால் மொத்தம் எத்தனை விளக்கு என்று யாரும் எண்ணவில்லை. அதுதான் தவறு."

இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. மானின் காட்டை அழித்ததில் விளக்கைவிடக் கோடரிக்குப் பங்கு அதிகம். ரப்பருக்காகவும் பின்னர் செம்பனைக்காகவும் வெட்டிய நிலத்தில்தான் நம் தோட்டங்களும் பள்ளிகளும் எழுந்தன. காட்டை அழிக்க முடிவெடுத்தவர்கள் நம்மவர் அல்லர், உழைத்தவர்கள் நம்மவர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த வார இறுதியில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். காட்டோரத்தில் எந்த விலங்கைக் கண்டார்கள், எந்த ஆண்டோடு அது வருவது நின்றது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கருவி வருவதற்கு முந்திய காலத்துக்கு அந்த நினைவுகளே கணக்கேடு.

அந்தப் பையன் தன் கட்டுரையின் இறுதியில் ஒரு வரியைச் சேர்த்துக் கொண்டுவந்தான்: "தாத்தா இப்போதும் அந்த விளக்கை வைத்திருக்கிறார். ஆனால் ஏற்றுவதில்லை." அதற்கு மேல் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.