ரங்கிரி தம்புள்ளை சர்வதேச கிரிக்கெட் மைதானம்

ரங்கிரி தம்புள்ளை சர்வதேச கிரிக்கெட் மைதானம் இலங்கையின் மத்திய மாகாணத்தில், மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை நகருக்கு அருகே உள்ளது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. நிலம் தம்புள்ளைக் குகை விகாரைக்குச் சொந்தமானது. பெயரும் அங்கிருந்தே வந்தது. சிங்களத்தில் ‘ரன்’ என்றால் பொன், ரங்கிரி பொன்மலை. கிரிக்கெட் ரசிகரின் காதில் அது வேறு விதமாக விழுந்தால் குற்றமில்லை.

இங்கே மைதானம் எழுந்ததற்குக் காரணம் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் கண்டியையும் நனைக்கும். மலைநாட்டுக்கு வடக்கே உலர் வலயத்தில் கிடக்கும் தம்புள்ளையில் அந்த மாதங்களில் வெயில்தான். ஆண்டின் நடுவிலும் போட்டி நடத்த ஓர் இடம் தேடிய இலங்கைக் கிரிக்கெட் சபை, திலங்க சுமதிபால தலைமையில் இதைக் கட்டியது. வேலை 167 நாட்களில் முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. முதல் சர்வதேச ஒருநாள் போட்டி 2001 மார்ச் 23இல் நடந்தது. இங்கிலாந்தை இலங்கை 5 விக்கெட்டுகளால் வென்றது.

2003இல் ஒளிவிளக்குகள் வந்தன. அந்த நவம்பரில் இங்கிலாந்து மீண்டும் வந்து 88 ஓட்டங்களில் சுருண்டது. இலங்கை விக்கெட் எதையும் இழக்காமலே வென்றது. மாலையில் பந்து ஸ்விங் ஆகும் ஆடுகளம் என்பதால், விளக்கொளியில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடும் அணிக்குச் சோதனைதான். நாணயச் சுழற்சியிலேயே பாதி ஆட்டம் முடிந்தது என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆனாலும் ஓட்டம் குவிந்த நாட்கள் இல்லாமலில்லை. 2010 ஆசியக் கிண்ணத்தின் ஏழு போட்டிகளும் இங்கேயே நடந்தன. அதில் பங்களாதேஷுக்கு எதிராகப் பாகிஸ்தான் 385 ஓட்டங்கள் குவித்தது; சஹீட் அப்ரிடி 60 பந்துகளில் 124 எடுத்தார். கிண்ணம் இந்தியாவுக்குப் போனது.

மைதானத்தின் பெயர் அதிகம் அடிபட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல். 171 என்ற இலக்கைத் துரத்திய இந்தியாவுக்கு ஓர் ஓட்டம் போதும். வீரேந்தர் சேவாக் 99இல் நிற்கிறார். இலங்கைப் பந்துவீச்சாளர் சுராஜ் ரந்தீவ் வீசிய பந்தை அவர் சிக்சருக்குத் தூக்கினார். ஆனால் அது நோபோல். அந்த உதிரி ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் சிக்சர் கணக்கில் ஏறவில்லை. வேண்டுமென்றே வீசிய நோபோல் என்ற குற்றச்சாட்டில் ரந்தீவுக்கு ஒரு போட்டித் தடை விதிக்கப்பட்டது. அதற்குத் தூண்டியதாகச் சக வீரர் டில்ஷானுக்கு அபராதம். சட்டப்படி பிழையில்லாத முடிவுதான். ஆனால் அழகான முடிவு என்று யாரும் சொல்லவில்லை.

2024 ஜூலையில் மகளிர் ஆசியக் கிண்ணம் முழுவதும் இங்கு நடைபெற்றது. 28ஆம் திகதி இறுதிப் போட்டியில் 166 என்ற இலக்கை எட்டி, இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வீழ்த்திய இலங்கை மகளிர் அணி முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது. அணித்தலைவி சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு ஏ9 வீதியே நேர்வழி. வவுனியாவைக் கடந்து தம்புள்ளைக்கு வந்துவிடலாம். கண்டிப் பக்கமிருந்து வருபவர்கள் கவனிக்க: ரயில் மாத்தளையோடு நின்றுவிடும், மிச்ச வழிக்கு பஸ்தான்.