ஏற்றமும் பற்சில்லும்



கிழக்கிலங்கையின் கரையோரச் சாலை மேடு அறியாத சாலை. மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என அக்கரைப்பற்று வரை துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் ஏறவேண்டிய ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல் வட்டைகள். இத்தகைய நிலத்திற்கு ஒற்றைக் கியர் வண்டியே போதுமானது. ஆயின், காரைதீவில் மேற்கே திரும்பி, அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டியை நோக்கிச் செல்பவரின் நிலைமை வேறு. மகியங்கனைக்கு அப்பால், பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதை எழுந்து நிற்கின்றது. கரையோரத்தில் இலகுவாக ஓடிய அதே வண்டி அங்கே முரண்டு பிடிக்கின்றது. வண்டிக்காரர் இறங்கித் தள்ளுகின்றார்.

இவ்வாறு இறங்கித் தள்ளும் துன்பத்தை நீக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றையே இன்று கூற முற்படுகின்றேன். மனிதனின் வீண்பெருமைக்கும் அவனுடைய முழங்காலுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கொன்றும் அவ்வரலாற்றினுள் அடங்கியிருக்கின்றது.

1870களில் ஐரோப்பாவில் ஓடிய வண்டிகளின் முன்சில்லு ஆளுயரத்தை நெருங்கியது. பின்சில்லோ மிகச் சிறியது. சங்கிலி கிடையாது. பெடல் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெடல் ஒருமுறை சுற்றினால் சில்லும் ஒருமுறை சுற்றும். ஆகவே, விரைந்து செல்ல விரும்பியவன் தன் கால் எட்டுமளவுக்குப் பெரிய சில்லைத் தேடினான். பெரிய சில்லு பெருமையின் சின்னமாயிற்று.

1885ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ‘றோவர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒத்த அளவுடைய இரு சில்லுகளையும், பின்சில்லை இயக்கும் சங்கிலியையும் கொண்ட அவ்வண்டியே இன்றைய வண்டிகளுக்கு முன்னோடி. இதன் பின்னர் வேகத்தையும் இலகுவையும் தீர்மானிப்பது சில்லின் உயரம் அல்ல, பற்சில்லுகளின் பற்களின் எண்ணிக்கையே என்றாயிற்று. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. சமதரைக்குப் பொருந்திய எண்ணிக்கை மலைக்குப் பொருந்தவில்லை. மலைக்குப் பொருந்தியது சமதரையில் காலை வீணே சுழலவைத்தது.

பிரான்சின் சென்ற் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் டி விவி என்பவர் இக்குறையைத் தீர்ப்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1887இல் துவிச்சக்கர வண்டிக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கி, ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதி, ஒரே வண்டியில் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடினார். 1902ஆம் ஆண்டில் பிரெனீஸ் மலையின் டூர்மலே கணவாயில் ஒரு சோதனையோட்டம் நடந்தது. மூன்று கியர் வண்டியிற் சென்ற மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி, நிலத்தில் ஒருமுறையேனும் கால் ஊன்றாது அதனை ஏறி முடித்தார். வழக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. அடுத்த ஆண்டில் ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் பெரும் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெகிராஞ்ச், மாற்றுக் கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்று எழுதினார். தசை வலிமையால் வெல்வதே வெற்றி என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின் விலையை வீரர்களின் கால்கள் செலுத்தின. 1910இல் அப்போட்டி டூர்மலேயைக் கடந்தபோது, சிறந்த வீரர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தது. பின்சில்லின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு பற்சில்லுகளைப் பூட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டுவது அக்காலத்து உத்தி. சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் பொறி அப்போட்டியில் அனுமதிக்கப்பட்டது 1937ஆம் ஆண்டிலேயே.

சாதாரண மக்களுக்கான தீர்வு இதற்கு முன்னரே இங்கிலாந்தில் தோன்றிவிட்டது. ஹென்றி ஸ்டேர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் மூன்று வேகக் கியரை, றலி நிறுவனத்தின் பிராங் பௌடன் 1903 முதல் நொட்டிங்காம் நகரில் தயாரிப்பித்தார். பற்சில்லுகள் யாவும் பின்சில்லின் குடத்தினுள் மறைந்திருக்கும். 1936இல் வந்த இதன் பிற்கால வடிவத்தில், நடுக் கியர் உள்ளது உள்ளபடி இயங்கும். தாழ்ந்த கியர் அதன் முக்காற் பங்கு. உயர்ந்த கியர் அதனிலும் மூன்றிலொரு பங்கு கூடுதல்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 28 அங்குல விட்டமுள்ள சில்லின் சுற்றளவு 88 அங்குலம். முன்பற்சில்லில் 48 பற்களும் பின்பற்சில்லில் 18 பற்களும் இருப்பின், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஏறத்தாழ 19½ அடி செல்லும். பின்பற்சில்லை 22 பற்களாக்கினால் அது 16 அடியாகக் குறையும். மூன்று வேக வண்டியாயின் அதன் தாழ்ந்த கியரில் 12 அடி. ஒரே மிதியில் ஏறிய தூரம் குறைவதால், காலில் விழும் பாரமும் அதற்கேற்பக் குறைகின்றது. முன்பற்சில்லை மாற்றுவதாயின், அதனோடு பிணைந்த பெடல் தண்டையும் மாற்ற நேரிடும். பின்பற்சில்லை மாற்றுவதோ சிறு செலவு. நான்கு பற்கள் கூடுமாயின், சங்கிலியில் ஓரங்குல நீளத்துக்குக் கண்ணிகளைச் சேர்த்தல் வேண்டும். அன்றேல் பின்னச்சை அரை அங்குலம் முன்னே நகர்த்தினாலும் போதும்.

மலையேறுவதற்கு வேண்டிய மொத்த வேலையை எந்தக் கியரும் குறைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. அவ்வேலை பல மிதிகளாகப் பங்கிடப்படுகின்றது, அவ்வளவே. நெல்மூடையை லொறியில் ஏற்றச் சாய்பலகை வைப்பதும் இதே தத்துவம். 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரையில் ஒரு வட்டமிட்டுத் தன் நிலையத்தின் கீழாகவே செல்கின்றது. தூரத்தைக் கூட்டி ஏற்றத்தைத் தணிக்கும் வழி அது. பதினெட்டு வளைவும் அவ்வாறே. சாலை அமைத்த பொறியியலாளர் மலைக்குப் பணிந்து வளைந்ததை எவரும் இழிவாகக் கருதவில்லை. வண்டிக்காரர் மட்டும் ஏன் நாணவேண்டும்?

இன்று அந்நாணம் பெரிதும் அகன்றுவிட்டது. போட்டிக்கான வண்டிகளில் சிறிய முன்பற்சில்லுக்கு 39 பற்கள் இருந்த இடத்தில் 34 பற்கள் வந்துள்ளன. பின்னால் 34 பற்கள் கொண்ட பற்சில்லும் பூட்டப்படுகின்றது. இரண்டும் ஒத்த எண்ணாகும்போது, பெடல் ஒருமுறை சுற்றச் சில்லும் ஒருமுறையே சுற்றும். இம்மாற்றத்தைச் செய்விப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: சங்கிலியை மாற்றும் பின்பொறி அத்தனை பெரிய பற்சில்லைத் தாங்கக்கூடியதா என்று முதலில் அறிந்து, சங்கிலியின் நீளத்தையும் அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

மலைக்குச் செல்லாத கரையோர மக்களுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்முனையிலிருந்து மேற்கே வட்டைக்குச் செல்பவரும், மீன்பெட்டியைக் கரியரில் ஏற்றி உள்ளூர்களுக்குச் செல்பவரும் கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தையே ஏறுகின்றனர். எதிர்க்காற்றும் பாரமும் மலைக்கு ஒப்பானவை. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, மறந்திருந்த துவிச்சக்கர வண்டியைப் பலர் மீண்டும் தேடினர். அவருள் முதியோரும் முழங்கால் நோவுடையோரும் இருந்தனர்.

போட்டியில் முந்துபவனுக்கு ஒரு பல் குறைவது அவமானமாகத் தோன்றலாம். நாள்தோறும் உழைப்புக்காக வண்டி மிதிப்பவருக்கோ, பின்னால் நான்கு பற்கள் கூடுவது இன்னும் சில ஆண்டுகள் தாமே தொழிலுக்குச் செல்லும் வலிமையாகும். வெலோசியோ வாதாடிய வழக்கின் தீர்ப்பு, அத்தகையோரின் வண்டிகளுக்கும் வந்து சேரவேண்டும்.